பூட்டிய மண்டபத்தில் ஒரு பொன் பணம்

“யாரும் வெளியே போகக் கூடாது!”

ஒலிபெருக்கியில் இந்தக் குரல் வந்த நேரம் நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். ஒரு கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. எதிர்ச்சாரியில் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதுகூடக் கண்ணில் பட்டது. அதற்குள் யாரோ இரும்பு ஷட்டரைக் கடகடவென்று இழுத்துவிட, காலை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கால் பிழைத்தது. டீ போயிற்று.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். பேச்சிராஜா, துப்பறியும் சங்கரம்மாளின் உதவியாளன். அவரைப் பற்றிக் கூடவே சொல்ல வேண்டும். துறைமுகச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் செருப்புக்குள்ளும் சோப்புக்கட்டிக்குள்ளும் இருந்து தங்கம் எடுத்துப் பழகிய கை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டார். ஊர் அவரை மேடம் என்று கூப்பிடும். நான் அக்கா என்பேன். சம்பள நாளில் மட்டும் மேடம்.

அன்றைக்கு நாங்கள் துப்பறிய வரவில்லை. அக்காவுக்குப் பழைய காசு சேர்க்கிற கிறுக்கு உண்டு. முத்தையாபுரம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி என்றதும் காலையிலேயே கிளம்பிவிட்டார். துணைக்கு நான். காசு தூக்க ஆள் எதற்கு என்று கேட்டேன்.

“வீட்டுல இருந்தா தூங்குவ. இங்கன வந்து முழிச்சுக்கிட்டாவது இரு” என்றார்.

கண்காட்சியை நடத்தியது உள்ளூர்ச் சேகரிப்பாளர்களின் மன்றம். அதன் செயலாளர் தாணுலிங்கம், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், எதையும் முறையாகச் செய்கிறவர். கல்யாண மண்டபம் என்பதால் வாசலில் சந்தனக் கும்பா, பன்னீர்ச் செம்பு, கற்கண்டு என்று கல்யாண வரவேற்பே வைத்துவிட்டார். சந்தனம் எடுத்து நெற்றியில் வைக்காமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. மண்டபம் முழுக்க மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நடந்துகொண்டிருந்தார்கள். பெண்ணைத்தான் காணவில்லை.

அக்கா நேராகப் போய் நின்றது வெள்ளத்துரை அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால். அண்ணாச்சி உடன்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். குலசைக் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, கவிச்சி தொடாமல் விரதம் இருந்தார். செவ்வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால். ஊரில் தசராக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவர் மேசையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. உள்ளே வெல்வெட் துணியில் வெள்ளிக்காசுகள், நடுவில் ஒரு பொன் பணம்.

பணம் என்றால் நோட்டுக்கட்டு இல்லை. அந்தக் காலத்தில் அது ஒரு குட்டித் தங்கக் காசின் பெயர். டச்சுக்காரர்கள் இந்தக் கரையில் முத்து வாங்கிய காலத்தது. துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் நின்று தும்மினால் தேட வேண்டியிருக்கும்.

“அண்ணாச்சி, இத எனக்குக் குடுத்துருங்களேன்” என்றார் அக்கா. அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. பலகாரக் கடை முன்னால் நிற்கிற பிள்ளையின் குரல்.

“அட போங்கம்மா. தாணுலிங்கம் சாரு எத்தன நாளா கேக்காவ, அவியளுக்கே இல்லன்னுட்டேன். மெட்ராஸ்காரர் ஒருத்தருக்குப் பேசியாச்சு. சாயங்காலம் வாராரு.”

இப்போது அந்தப் பொன் பணம்தான் காணாமல் போயிருந்தது.

*

நான் வாசலில் இருந்து திரும்பி வந்தபோது கூட்டம் அண்ணாச்சியின் மேசையைச் சுற்றி நின்றது. அண்ணாச்சி ஒரு வாலிபனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். ஒரு பொத்தான் தெறித்து என் காலடியில் உருண்டது.

“இந்தப் பயதான்! இவந்தான் இங்கன நின்னுக்கிட்டிருந்தான்!”

“நான் பாக்கத்தான் செஞ்சேன், அண்ணாச்சி. மாதா சத்தியமா தொடல.”

அவன் பெயர் ஜெரால்டு. பெரியதாழைக்காரன், கப்பலில் வேலை பார்க்கிறவன். தோளில் ஒரு துணிப்பை.

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்திருந்த தாணுலிங்கம் மேடையில் இருந்து இறங்கி வந்தார். “அமைதி, அமைதி. அண்ணாச்சி, நடந்ததச் சொல்லுங்க.”

“பன்னெண்டு மணி இருக்கும். ஒருத்தரு வந்து வெள்ளி ரூபா ஒண்ணு கேட்டாரு. அவருக்கு எடுத்துக் குடுத்து, ரூபாய வாங்கிக் கல்லாவுல போட்டுட்டுத் திரும்புதேன், பொன் பணத்தக் காணோம். இவன் நிக்கான்.”

“வாங்குனவரு எங்க அண்ணாச்சி?” என்றார் அக்கா.

“அவரு அப்பவே போயிட்டாரு. முகந்தெரியாத ஆளு.”

தாணுலிங்கம் வருத்தத்தோடு தலையாட்டினார். அவருடைய மேசை அண்ணாச்சியின் மேசைக்குப் பக்கத்து மேசை. “நானும் பார்த்தேன். இந்தத் தம்பி ரொம்ப நேரமா இங்கயே நின்னுட்டிருந்தார். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல விரும்பல.”

கதவைப் பூட்டு, போலீஸைக் கூப்பிடு என்று நாலு பக்கமும் கத்தினார்கள். தாணுலிங்கம் ஷட்டரைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பின்வாசலும் பூட்டியாயிற்று. போலீஸ் நிலையத்தில், எஸ்.ஐ. குலசைக்குப் பந்தோபஸ்து போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார், அதுவரை ஒருத்தரையும் வெளியே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு சோதனை. பெண்களை அக்கா பார்த்தார். ஆண்களைத் தாணுலிங்கமே பார்த்தார், ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. என் பையில் இருந்து ஒரு சீப்பும் பாதி கடித்த கடலைமிட்டாயும் வெளியே வந்தன. தாணுலிங்கம் கடலைமிட்டாயை உடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஜெரால்டை மட்டும் எல்லாருக்கும் முன்னால் பனியனோடு நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார்கள். ஒரு பாலித்தீன் கவர் நிறைய வெளிநாட்டுச் சில்லறை உருண்டது. போதாது என்று மறுபடி கவிழ்த்தார்கள். ஒருவர் மூன்றாம் தடவை கவிழ்க்க வந்தபோது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, பை கொட்டக் கொட்ட ஊறுதுக்கு அதென்ன கேணியா?” என்று கேட்டுவிட்டேன்.

பொன் பணம் எங்கும் இல்லை. அப்போதுதான் மின்சாரம் போயிற்று.

*

கல்யாண மண்டபத்தைக் கட்டுகிறவர்கள் மின்விசிறியை நம்பிக் கட்டுகிறார்கள், ஜன்னலை நம்பி அல்ல. இருந்த ஜன்னல்களும் உயரத்தில், கம்பி போட்டு, புறா அடைந்து கிடந்தன. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஆள் வெளியே போக வேண்டும். சாவியோ, ஒருவரையும் விடாதே என்று சொல்லப்பட்ட மனிதரின் பையில். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்த காற்றையே நாங்கள் மாறி மாறி மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். குழந்தைகள் அழுதன. ஒரு பெரியவர் மேசை விரிப்பை உருவி விசிறிக்கொண்டார். ஷட்டருக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அங்கே நாலு பேர் குப்புறப் படுத்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் வைத்த சந்தனமெல்லாம் வேர்வையில் வழிந்து, துண்டிலும் முந்தானையிலும் துடைபட்டுப் போயிற்று. தாணுலிங்கம் மட்டும் வாசல் பக்கம் போய்ப் புதுச் சந்தனம் எடுத்து நெற்றியில் அப்பிக்கொண்டு வந்தார்.

“சாருக்கு இப்பத்தான் கல்யாணமா?” என்றேன்.

“மூளைக்குக் குளிர்ச்சி, தம்பி” என்று சிரித்தார். கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டு நடந்தார்.

ஜெரால்டு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஒரு வட்டம்போல இடம் காலியாக இருந்தது. அவ்வளவு நெருக்கடியிலும் ஒருவர்கூட அவன் பக்கத்தில் உட்காரவில்லை. அக்கா போய் உட்கார்ந்தார்.

“இங்க எதுக்கு வந்தீய, தம்பி?”

“போன ஊர்ல எல்லாம் கெடச்ச சில்லறைக்கா இது. யாராச்சும் கேப்பாவளான்னு வந்தேன்.” ஷட்டரைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா, எனக்கு இன்னைக்குக் கப்பல். ஏஜெண்ட் வண்டி விளக்கு வைக்கிற நேரத்துக்குத் துறைமுக வாசலுக்கு வந்துரும். ஒரு வருசம் கரையில சும்மா கெடந்து இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு. போலீஸ்ல எம்பேர எழுதிட்டாவன்னா அவன் அடுத்த ஆள ஏத்திருவான். பொறவு எவனும் என்னயக் கூப்பிட மாட்டான். கேஸு பொய்யின்னு ஆகுதுக்குள்ள எனக்கு வயசாயிரும்.”

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா எழுந்தார். முகத்தில் இருந்த விடுமுறைக் களை போய்விட்டது. நேராக அண்ணாச்சியின் மேசைக்குப் போனார். நான் பின்னாலேயே.

“அண்ணாச்சி, காசு போனத நீங்க பாக்கும்போது இந்தப் பெட்டி எப்படி இருந்துச்சு?”

“இப்படியேதான். நான் கை வைக்கல.”

“மூடி மூடியிருந்துச்சா?”

“மூடித்தான் இருந்துச்சு.”

“கொக்கி?”

“மாட்டித்தான் இருந்துச்சு. அதுக்கென்ன?”

அதற்கென்ன என்று எனக்கும் தெரியவில்லை. அக்கா என்னைத் தூண் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“அவசரத்துல களவாங்குதவன் மூடியப் பப்பரப்பேன்னு போட்டுட்டுல்லா ஓடுவான்? இவன் மூடி, கொக்கியும் மாட்டியிருக்கான். ஏம்ல?”

“நல்லா வளத்த பிள்ளையா இருக்கும்.”

“வெள்ளிக்காசு கறுத்துரும்லே! நம்மூரு உப்புக்காத்துக்கு மூடிய ஒரு நிமிசம் திறந்து போட மாட்டான், காசு சேக்குதவன். களவாங்கும்போதுகூடக் கை தன்னால போயி மூடிருக்கு. எடுத்தவன் நம்மள மாதிரி ஒரு கிறுக்கன்.”

“ஜெரால்டும் கடக்கரைக்காரன்தானக்கா.”

“அவன் காசு வச்சிருந்த லட்சணத்தப் பாத்தியா? வெள்ளியும் நிக்கலும் ஒரே கவர்ல, சந்தையில வெண்டக்கா வாங்கின மாதிரி. அவன் எங்க மூடிய மூடப் போறான்?”

“சரிதான். முன்னால ஒரு ஆளு மேலதான் சந்தேகம். இப்ப மண்டபம் முழுக்கக் கிறுக்கங்கதான். நல்ல முன்னேற்றம்.”

அக்கா ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை என் கையில் திணித்தார். “பின்னால சமையக்கட்டுல தண்ணி இருக்கும். அந்தப் பையனுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடு. பேசாமப் போ.”

*

சமையற்கட்டில் முருகேஸ்வரி என்ற சமையல்காரம்மா, மதியச் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். இறால் பிரியாணி. அந்த வெக்கையிலும் அந்த வாசம் ஆளைச் சுண்டி இழுத்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு என் நோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“சில்லறைக்கு நான் எங்க போக? மாத்திட்டு வா.”

நாணயக் கண்காட்சியில் சில்லறை கிடைக்காமல் அலைந்த ஒரே ஆள் நான்தான். நாலைந்து மேசையில் கேட்டுவிட்டு அண்ணாச்சியிடம் வந்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், நோட்டைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“ஏலே, கூறு இருக்கா உனக்கு? இன்னும் போணியே ஆகல. கல்லாவுல இருந்து காச எடுத்து வெளிய குடுக்கச் சொல்லுதியே!”

போட்டிருந்த மாலையே அதிர்ந்தது. நான் தண்ணீரைக் கடன் சொல்லி வாங்கி ஜெரால்டிடம் கொடுத்துவிட்டு, அக்காவிடம் போய்ப் புலம்பினேன்.

“என்ன மனுசன்க்கா இவரு! பொன்னு போயிருச்சேன்னு ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் போணி ஆகலன்னு என்னய விரட்டுதாரு.”

அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கை நின்றது.

“என்ன சொன்னாரு?”

“போணி ஆகலயாம்.”

“அப்பம், அந்த வெள்ளி ரூபாய வாங்கிட்டுப் போனது யாரு?”

நான் வாயை மூடினேன். அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை அது.

வியாபாரக் குடும்பத்து மனிதர் போலீஸுக்குப் பொய் சொல்வார், ஊருக்குப் பொய் சொல்வார். கல்லாவுக்குச் சொல்ல வராது. காலையில் இருந்து ஒரு காசும் விற்கவில்லை என்பதை அவருடைய கையே மறக்கவில்லை. அதனால் வாயும் உளறிவிட்டது.

அக்கா அவரைத் தனியாகச் சமையற்கட்டு வாசலுக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“அண்ணாச்சி, போணியே ஆகலன்னா, ஒருத்தர் வந்து வாங்குனாருங்கது எப்படி?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அந்த மாலையத் தொட்டு, ஒருத்தரு வந்து வாங்குனாருன்னு சொல்லுங்க. நான் நம்பிட்டுப் போயிருதேன்.”

அண்ணாச்சியின் கை மாலை வரை போயிற்று. தொடாமல் கீழே இறங்கியது. கண் கலங்கிவிட்டது.

“வெளிய சொல்லிராதீய, தாயி. விரதத்துல நாக்கு செத்துப் போச்சு. இறால் வாசம் வந்துச்சா, என்னயறியாமக் கால் இங்கன வந்துட்டு. ரெண்டே வாய்...”

“ரெண்டு வாயா? ரெண்டு பிளேட்டு!” என்றார் உள்ளே இருந்து முருகேஸ்வரி. “அண்டாவுக்குப் பின்னால குத்தவச்சில்லா தின்னாவ.”

குழுத் தலைவர் விரதத்தை முறித்தது ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். அதனால் கடையில்தான் இருந்தேன் என்று ஒரு கதை கட்டிவிட்டார். அந்தக் கதைக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தட்டு பிரியாணியை மறைக்க ஒரு பையனுடைய பிழைப்பைக் கேட்டால், அந்த மனிதரிடம் எப்படிச் சிரித்துப் பேச?

“உங்க மானத்துக்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா, அண்ணாச்சி?” என்றேன். அவர் துண்டை இழுத்து மாலையை மூடிக்கொண்டார்.

“அது கிடக்கட்டும், பேச்சி” என்றார் அக்கா. “எந்திரிச்சுப் போகும்போது கடைய யார்ட்ட விட்டீய, அண்ணாச்சி?”

“தாணுலிங்கம் சார்ட்டதான். கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னேன். தங்கமான மனுசன்மா. நான் கடையில இல்லாதத அவிய ஒருத்தர்ட்டயும் மூச்சு விடல, பாத்தீயளா? என் மானத்தக் காப்பாத்திட்டாவ.”

அக்கா அவர் தோளில் கிடந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முரட்டு ஈரிழைத் துண்டு. அதைச் சமையற்கட்டுக் குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்.

“ஆமா அண்ணாச்சி” என்றார். “உங்க மானத்த மட்டும் காப்பாத்தல.”

*

தாணுலிங்கம் மேடை விளிம்பில் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும்படி கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா படியேறினார்.

“சார், எல்லாரையும் நீங்க சோதிச்சீங்க. உங்கள யாரும் சோதிக்கலயே.”

கூட்டம் சளசளவென்றது. சாரையா, அவரையா என்று குரல்கள் வந்தன. தாணுலிங்கம் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

“மேடம் கேக்கறது நியாயம். தம்பி, நீங்களே பாருங்க.”

நான் பார்த்தேன். சட்டைப்பை, கால்சட்டைப்பை, பர்ஸ், காலணி, கண்ணாடிக் கூடு, நாக்கின் அடி. ஒரு பேனா, ஷட்டர் சாவி, இரத்த அழுத்த மாத்திரை. கடலைமிட்டாய்கூட இல்லை. அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

“போதுமா, மேடம்?” என்றார் தாணுலிங்கம். நிதானமான குரல்.

கீழே இருந்து ஒருவர், “பெரிய மனுசரை அவமானப்படுத்திட்டீங்களேம்மா!” என்று கத்தினார். இன்னொருவர், இனிமேல் இந்தம்மாவை மன்றத்தில் சேர்க்கக் கூடாது என்றார். அதே நேரம் ஒருவருடைய போன் அடித்தது. எஸ்.ஐ. கிளம்பிவிட்டாராம். தரையில் இருந்த ஜெரால்டு எழுந்து நின்றான். உயரத்து ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டதை அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். அக்கா சறுக்கி நான் கண்டதில்லை. இன்றைக்குச் சறுக்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“மன்னிச்சுக்கிடுங்க, சார்” என்றார் அக்கா, மிகவும் பணிவாக. “எம்மேலதான் தப்பு. பாவம், உங்களுக்கு வேர்த்து ஊத்துது. இருங்க, நானே துடைச்சு விடுதேன்.”

துண்டைச் சுருட்டிப் பிடித்து, பாத்திரம் தேய்க்கப் போகிற மாதிரி, அவருடைய நெற்றிக்கு ஓங்கிக் கொண்டுபோனார்.

“தேய்க்காதீங்க!” என்று அலறினார் தாணுலிங்கம். “கீறல் விழுந்துரும்!”

துண்டு நெற்றிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

“எதுல சார் கீறல் விழும்? நெத்தியிலயா?”

தாணுலிங்கம் மேடைப்படியில் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு நகங்களால், விளிம்பை மட்டும் தொட்டு, நெற்றிச் சந்தனத்துக்குள் இருந்து அந்தப் பருப்பளவுக் காசை எடுத்தார். அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். கூட்டத்தில் இருந்து ஒரு குரல், “தண்ணியில மட்டும் அலசுங்க, மேடம், துணி படக் கூடாது” என்றது. கிறுக்கர்கள் என்று அக்கா சொன்னது சும்மா இல்லை.

சுங்கத்தில் ஆட்களைச் சோதிக்கும்போது, எதைத் தொடுகிறான் என்று அக்கா பார்ப்பதில்லையாம். எதைத் தொடாமல் இருக்கிறான் என்றுதான் பார்ப்பாராம். பிறகு சொன்னார். அத்தனை வேர்வையிலும் நெற்றியைத் துடைக்காத ஒரே ஆள் தாணுலிங்கம்தான். சந்தனம் காய்ந்து வெடிக்க வெடிக்கப் போய் மேலே பூசிக்கொண்டே இருந்திருக்கிறார். கதவைப் பூட்டு என்று கூட்டம் கத்தியபோது செயலாளர் பூட்டாமல் இருக்க முடியுமா? சாவி சட்டைப்பையில், காசு நெற்றியில். எங்களைப் பூட்டி வைத்தவரால் வெளியே போக முடியவில்லை.

“விக்கணும்னு எடுக்கல, மேடம்” என்றார் அவர். “அந்த வரிசையில மத்ததெல்லாம் எங்கிட்ட இருக்கு. என் காசுப் பெட்டியில இது ஒண்ணுக்காக ஒரு குழி வெறுமனே கிடக்கு. மெட்ராஸ் போயிட்டா இனி நான் எங்க பாக்கப் போறேன்? அண்ணாச்சி பாத்துக்கோங்கன்னுட்டு எந்திரிச்சுப் போனாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கை எப்பப் போச்சுன்னு தெரியல.”

“காலையில எனக்கும் எச்சி ஊறத்தான் செஞ்சுது, சார்” என்றார் அக்கா. “ஆனா அந்தத் தம்பி பேர எதுக்கு இழுத்தீங்க?”

“நான் அவர் எடுத்தார்னு சொல்லவே இல்ல. நின்னுட்டிருந்தார்னு மட்டும்தான் சொன்னேன்.”

அண்ணாச்சிமேல் இருந்த கோபம் எனக்கு அந்த நிமிடம் பாதியாகக் குறைந்துவிட்டது. அது அப்படியே இடம் மாறி இந்தப் பெரிய மனிதரிடம் போயிற்று. சாவியை நீட்டினார். பிடுங்கிக்கொண்டு போனேன்.

*

ஷட்டரைத் தூக்கியதும் காற்று முகத்தில் அடித்தது. துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று. அதை அன்றைக்குப்போல நான் ஆசையாக இழுத்ததில்லை. எஸ்.ஐ. வருகிறவரை தாணுலிங்கத்தோடு இருப்பதாக அக்கா சொல்லிவிட்டார். மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஜெரால்டைக் கடக்கும்போது மட்டும் எல்லாருக்கும் செருப்பில் ஏதோ வேலை வந்தது. பையைக் கவிழ்த்த கைகளில் ஒன்றுகூட அவன் தோளைத் தொடவில்லை. அண்ணாச்சி மட்டும் அவன் முன்னால் வந்து நின்றார்.

“தம்பி, மனசுல வச்சுக்கிடாத” என்றார்.

“இல்ல, அண்ணாச்சி” என்றான் ஜெரால்டு. பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சில்லறையைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

“பேச்சி, ஸ்கூட்டர எடு!” என்று மேடையில் இருந்து அக்காவின் குரல் வந்தது. “தம்பியத் துறைமுக வாசல்ல விட்டுட்டு வா. வண்டி நிக்கும், ஓடு!”

நான் ஷட்டரைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “வாங்க, தம்பி, சீக்கிரம்” என்றேன். வாசலில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ஜெரால்டு வேகமாக வந்தவன், படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான். தோளில் இருந்த பையை இறக்கினான். ஜிப்பை இழுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“பாத்துக்கிடுங்கண்ணே” என்றான். “பொறவு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுல்லா.”

நான் பைக்குள் பார்க்கவில்லை. ஷட்டரைத் தோளில் தாங்கியபடியே ஒரு கையை நீட்டி அந்த ஜிப்பை மூடப் பார்த்தேன். அது துணியில் கடித்துக்கொண்டு பாதியில் நின்றது. நான் அதோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். கப்பலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஜெரால்டு பையை நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றான், சோதனை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு.